ஓயாத பயணம் ஓய்வாகுமா?

அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சேர்ந்த மைக்கேல் கேம்பெல், டெபி கேம்பெல் தம்பதி 2013இல் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஊர் சுற்றக் கிளம்பினார்கள். ஏர்பிஎன்பி வழியாக ஒருவர் வீட்டிலிருந்து இன்னொருவர் வீட்டுக்கு, ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு என்று பல ஆண்டுகள் அப்படியே வாழ்ந்தார்கள். ஆளுக்கொரு பெட்டி, ஒரு முதுகுப்பை. அவற்றோடு எங்கே போனாலும் விடாமல் எடுத்துச் சென்றது அவரவர் தலையணையை. ஊர் மாறலாம், கட்டில் மாறலாம், தலைக்கு அடியில் இருப்பது மட்டும் மாறக் கூடாது. முழுநேரப் பயணம் பற்றி நான் படித்தவற்றில் மனத்தில் நின்றுவிட்டது இந்தத் தலையணைதான். வீடு வாசலை விட்டுக் கிளம்பியவர்களுக்கும் பற்றிக்கொள்ள ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது.

சென்னையிலும் பெங்களூருவிலும் மென்பொருள் வேலையில் இருக்கும், நாற்பதைத் தொட்ட யாரோடும் கொஞ்ச நேரம் பேசிப் பாருங்கள். "இன்னும் அஞ்சு வருஷம். அப்புறம் வேலையை விட்டுட்டு உலகத்தைச் சுத்தணும்" என்ற பேச்சு வந்தே தீரும். இருபது ஆண்டுகளாக இரவுக் கூட்டங்களிலும் இலக்குகளிலும் கரைந்தவர்களின் ஆசை அது. அதை யாரும் எளிதாக ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அந்த ஆசைக்குள் இரண்டு ஆசைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, வேலையிலிருந்து விடுபடுவது. மற்றொன்று, ஊரிலிருந்து விடுபடுவது. முதலாவது நிறைவேறினால் இரண்டாவதும் தானாக இனிக்கும் என்று எடுத்துக்கொள்கிறோம். அது சரிதானா என்பதே இங்கே பார்க்க வேண்டியது.

இவை இரண்டும் ஆரம்பத்தில் ஒட்டியிருக்கவில்லை. வால் ஸ்ட்ரீட்டில் பங்கு ஆய்வாளராக இருந்த ஜோ டொமிங்கெஸ், முப்பதை ஒட்டிய வயதில் 1969இல் வேலையை விட்டார். பின்னாளில் விக்கி ராபினுடன் சேர்ந்து அவர் எழுதி 1992இல் வெளிவந்த 'உங்கள் பணமா, உங்கள் வாழ்க்கையா' என்ற பொருள்படும் ஆங்கில நூல்தான் முன்கூட்டியே ஓய்வு பெறும் இயக்கத்தின் மூலநூல்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. அவர்கள் இருவரும் மிச்சமான காலத்தைப் பெரிதும் தொண்டுப் பணிகளுக்கே கொடுத்தார்கள். பயணத்தை இதோடு சேர்த்துக் காட்டியவர்களில் முந்தியவர் பால் டெர்ஹோர்ஸ்ட். கணக்குத் தணிக்கையாளரான அவர் 1984இல், 35 வயதில் வேலையை விட்டு மனைவியுடன் வெளிநாட்டு வாழ்க்கைக்குப் போனார். 35 வயதில் ஓய்வு பெறுவது எப்படி என்று 1988இல் ஒரு நூலும் எழுதினார். அதன்பின் வந்தவர்கள் பலருக்கு ஓய்வு என்றாலே பயணம் என்றாகிவிட்டது.

பணக் கணக்கைச் சுருக்கமாகவே சொல்லலாம். நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994இல் அமெரிக்கச் சந்தையின் பழைய கணக்குகளை எடுத்துப் பார்த்தார். சேமிப்பில் முதல் ஆண்டு 4 விழுக்காட்டை எடுத்து, பிறகு பணவீக்கத்துக்கு ஏற்பக் கூட்டிக்கொண்டே போனாலும் அந்தப் பணம் 30 ஆண்டுகளுக்குத் தாங்கியது என்றார். 1998இல் டெக்சாஸின் டிரினிட்டி பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் மூவர் இதையே இன்னும் விரித்து ஆராய்ந்தார்கள். ஓராண்டுச் செலவைப் போல 25 மடங்கு சேர்த்தால் போதும் என்று இன்று எல்லோரும் சொல்லும் கணக்கு இங்கிருந்து வந்ததே. இதில் மறந்துவிடக் கூடாதது அந்த 30 ஆண்டு. அறுபதில் ஓய்வு பெறுகிறவருக்கு அது போதும். நாற்பதில் ஓய்வு பெறுகிறவர் ஐம்பது ஆண்டுக்குக் கணக்குப் போட வேண்டும். அதுவும் அமெரிக்கப் பங்குகளும் அமெரிக்கப் பணவீக்கமும் தந்த விடை. நம் ஊர்ப் பணவீக்கத்துக்கு அதை அப்படியே பொருத்துவது ஆபத்து.

பயணம் செலவு பிடித்தது என்பதும் பாதிதான் உண்மை. கனடாவின் டொரண்டோவிலிருந்து கிரிஸ்டி ஷென், பிரைஸ் லியூங் தம்பதி 2015இல், முப்பதைத் தாண்டிய கையோடு வேலையை விட்டு உலகைச் சுற்றப் போனார்கள். முதல் ஆண்டில் ஆன செலவு ஏறக்குறைய 40,000 கனடிய டாலர். டொரண்டோவிலேயே உட்கார்ந்திருந்தால் ஆகக்கூடியதைவிட அது அதிகமில்லை என்று கணக்குக் காட்டினார்கள். தாய்லாந்து, வியட்நாம் போன்ற நாடுகளில் மாதக்கணக்கில் தங்கி, ஐரோப்பாவின் செலவை ஈடுகட்டுவதுதான் அதன் சூட்சுமம். ஆனால் இந்தச் சூட்சுமம் ஒரு திசையில்தான் ஓடும். விலைவாசி அதிகமான நாட்டில் சம்பாதித்தவர் குறைவான நாட்டுக்குப் போனால் மிச்சம். மதுரையிலோ கோயம்புத்தூரிலோ சொந்த வீட்டில் இருப்பவருக்கு வெளிநாட்டில் ஏறக்குறைய எங்கே போனாலும் செலவு கூடத்தான் செய்யும். மேற்கு நாடுகளில் எழுதப்பட்ட ஓய்வுப் புத்தகங்களைப் படித்துவிட்டுத் திட்டம் போடுகிறவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

இன்னொரு வேலியும் நமக்கு உண்டு, பாஸ்போர்ட். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது என்ற விதி அமெரிக்கருக்கும் இந்தியருக்கும் பொது. ஆனால் அமெரிக்கர் விசா இல்லாமல் இறங்குகிறார். நாம் விண்ணப்பிக்க வேண்டும், அதையும் பொதுவாக நாம் சட்டப்படி வசிக்கும் நாட்டிலிருந்தே செய்ய வேண்டும். வீடே இல்லாமல் சுற்றும் இந்தியர் அடுத்த விசாவுக்காக வீட்டுக்கு வந்தாக வேண்டும். தாய்லாந்தின் ஓய்வுக்கால விசா இருக்கிறதே என்றால், அதற்கு வயது 50 ஆகியிருக்க வேண்டும், வங்கியில் 8 லட்சம் பாட் காட்டுவது அதன் வழிகளில் ஒன்று. நாற்பதில் ஓய்வு பெறுகிறவருக்கு அந்தக் கதவு இன்னும் பத்து ஆண்டுக்குத் திறக்காது. 2020 மார்ச்சில் உலகமே கதவைச் சாத்திக்கொண்டபோது எல்லா நாட்டவருக்கும் இந்த நிலைதான் வந்தது. எல்லோரும் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த அந்த வாரங்களில், வீட்டை விற்றுவிட்டுப் பயணத்திலிருந்தவர்கள் எங்கே போய்த் தங்குவதென்று தவித்தார்கள்.

பணத்தையும் விசாவையும் சமாளித்துவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். மனம் என்ன சொல்கிறது?

நெதர்லாந்தில் ஜெரோன் நாவெய்ன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1,530 பேரிடம் விசாரித்து 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்களில் 974 பேர் விடுமுறைப் பயணம் போனவர்கள். போகாதவர்களைவிடப் போகிறவர்கள் அதிக மகிழ்ச்சியோடு இருந்தது உண்மைதான். ஆனால் அந்த மகிழ்ச்சி கிளம்புவதற்கு முன்பே இருந்தது. திரும்பிய பிறகு இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. மிகவும் நிதானமாக விடுமுறையைக் கழித்தவர்களிடம் மட்டும் அந்த மகிழ்ச்சி கொஞ்ச நாள் தங்கியது. பயணத்தின் இனிப்பில் பெரும்பங்கு எதிர்பார்ப்பில் இருக்கிறது என்பதைத் தீபாவளிக்கு ஊருக்குப் போக ரயில் டிக்கெட் எடுத்து வைத்திருக்கும் எவருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. முழுநேரமும் பயணத்திலேயே இருப்பவருக்கு எதிர்பார்க்க என்ன இருக்கிறது? அடுத்த ஊர் அவருக்கு அடுத்த வாரத்து வேலை. அறை பார்க்க வேண்டும், சிம் வாங்க வேண்டும், துணி துவைக்க இடம் தேட வேண்டும், பல் வலித்தால் மொழி தெரியாத ஊரில் மருத்துவரைக் கண்டுபிடிக்க வேண்டும். அலுவலகத்தில் யாரோ எடுத்துக்கொண்டிருந்த முடிவுகளுக்குப் பதிலாக நூறு சின்னச் சின்ன முடிவுகளை நாள்தோறும் தானே எடுக்க வேண்டும்.

இதைவிட ஆழமான ஒரு சிக்கலை 1978இல் பிலிப் பிரிக்மனும் உடன் ஆய்வு செய்தவர்களும் காட்டினார்கள். லாட்டரியில் பெரும் பரிசு விழுந்தவர்களைச் சாதாரண மனிதர்களோடு ஒப்பிட்டபோது, பரிசு விழுந்தவர்கள் குறிப்பிடும்படி அதிக மகிழ்ச்சியோடு இல்லை. அன்றாடச் சிறு இன்பங்களை அனுபவிப்பதில் அவர்கள் பின்தங்கியும் இருந்தார்கள். 22 பரிசுக்காரர்களை மட்டும் வைத்துச் செய்த மிகச் சிறிய ஆய்வு அது, அதன்மேல் அதிக பாரம் ஏற்றக் கூடாது. ஆனாலும் அது சொல்வது அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. முதல் தேவாலயத்தின் முன் வாயடைத்து நிற்கிறோம். முப்பதாவது தேவாலயத்தில் உட்கார இடம் தேடுகிறோம். ஹம்பியையும் அங்கோர்வாட்டையும் வாழ்நாளில் ஒருமுறை பார்க்கிறவருக்கு அவை கொடுப்பதை, மாதம் ஒரு அதிசயம் பார்க்கிறவருக்கு அவை கொடுப்பதில்லை. கண் பழகிவிடுகிறது.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். முழுநேரப் பயணி எல்லா ஊரிலும் எல்லா நாளும் விருந்தாளி. உபசாரம் கிடைக்கும், புன்னகை கிடைக்கும். ஆனால் அவர் இரண்டு நாள் வெளியே வராவிட்டால் கதவைத் தட்டிப் பார்க்க ஒருவரும் இருக்க மாட்டார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938இல் தொடங்கி இன்றுவரை நடக்கும் மனித வாழ்க்கை ஆய்வு, முதுமையில் நலத்தோடும் நிறைவோடும் இருந்தவர்களிடம் பொதுவாகக் கண்டது நல்ல உறவுகளை. ஒரு பயணியின் வாழ்க்கையில் முதலில் மெலிந்துபோவது அதுதான்.

அப்படியானால் பத்து இருபது ஆண்டு சாலையிலேயே வாழ்ந்தவர்கள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள்? இந்தக் கேள்விக்கு மிக நல்ல விடை அமெரிக்க வண்டிவீட்டுக்காரர்களிடமிருந்து கிடைக்கிறது. படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டியில் ஆண்டு முழுவதும் வாழ்கிற ஓய்வுபெற்றவர்கள் அங்கே ஏராளம். டேவிட் கவுண்ட்ஸ், டோரத்தி கவுண்ட்ஸ் என்ற கனடிய மானுடவியலாளர் தம்பதி இவர்களைப் பற்றி ஆராயத் தாங்களும் ஒரு வண்டியில் ஏறிப் போனார்கள். அதற்கு முன் அவர்கள் பாப்புவா நியூகினித் தீவு மக்களிடையே ஆய்வு செய்தவர்கள். கொடுக்கல் வாங்கல் எப்படி அந்நியரை உறவினராக்குகிறது என்று அங்கே பார்த்துப் பழகிய கண்ணோடு இங்கேயும் பார்த்தார்கள். 1996இல் அவர்களுடைய நூல் வெளிவந்தது.

அவர்கள் கண்டது சுதந்திரப் பறவைகளை அல்ல. ஒரு முகாமில் புது வண்டி வந்து நின்றதும் பக்கத்து வண்டிக்காரர் இறங்கி வந்து உதவுகிறார். சாயங்காலம் ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து கூடிச் சாப்பிடுகிறார்கள். முன்பு என்ன வேலையில் இருந்தாய், எவ்வளவு சம்பாதித்தாய் என்பதற்கு அங்கே மதிப்பில்லை. முன்பின் தெரியாதவர்கள் சில நாளிலேயே ஒரு தெருக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். அரிசோனாவின் குவார்ட்சைட் என்ற சிற்றூரில் சில ஆயிரம் பேர்தான் நிரந்தரமாக வசிக்கிறார்கள். குளிர்காலத்தில் அதைச் சுற்றியுள்ள பாலைவெளியில் வண்டிகள் ஊர்போல முளைத்துவிடும். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்க அரசின் நில மேலாண்மைத் துறை அனுமதிச் சீட்டு தருகிறது. ஆண்டுதோறும் அதே பருவத்தில் அதே இடத்துக்குத் திரும்பி, போன ஆண்டுப் பக்கத்து வண்டிக்காரரைத் தேடிப் பிடிப்பவர்கள் பலர். இதை நாடோடி வாழ்க்கை என்று சொல்வதைவிட இரண்டு ஊர் வாழ்க்கை என்று சொல்வதே பொருந்தும்.

இவர்களுக்கென்று ஜோ பீட்டர்சன், கே பீட்டர்சன் தம்பதி 1978இல் எஸ்கேப்பீஸ் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். டெக்சாஸின் லிவிங்ஸ்டன் அதன் தலைமையிடம். சாலையில் வாழ்கிறவர்களின் கடிதங்களை வாங்கி அவர்கள் இருக்குமிடத்துக்கு அனுப்புவதும், சட்டத்துக்குக் காட்ட ஒரு முகவரி கொடுப்பதும் அதன் பணிகள். ஆனால் என்னை மிகவும் நெகிழவைத்தது அவர்கள் லிவிங்ஸ்டனில் கட்டிய பராமரிப்பு மையம். வயதாகியோ நோயுற்றோ இனி வண்டி ஓட்ட முடியாது என்ற நிலைக்கு வந்த உறுப்பினர் தன் வண்டியை அங்கே கொண்டுவந்து நிறுத்தலாம். வாழ்ந்த வண்டியிலேயே தொடர்ந்து வாழலாம். உணவும் பகல்நேரப் பராமரிப்பும் மையத்தில் கிடைக்கும். பயணத்துக்கு ஒரு முடிவு உண்டு என்பதை முகத்துக்கு நேரே பார்த்து, அதற்கு ஏற்பாடும் செய்தவர்கள் அவர்கள். உலகம் சுற்றும் ஓய்வைப் பற்றி எழுதப்படும் பளபளப்பான புத்தகங்களில் இந்த அக்கறையை நான் அதிகம் காணவில்லை. முதுமையில் கிடைக்கும் அமெரிக்க அரசின் மெடிகேர் மருத்துவக் காப்பீடு பொதுவாக 65 வயதில் தொடங்குகிறது, பெரும்பாலும் நாட்டுக்கு வெளியே செல்லாது. நாற்பதில் கிளம்புகிறவர் அறுபதில் எங்கே படுப்பார் என்ற கேள்வியைக் கேட்காமல் திட்டம் போட முடியாது.

வண்டியில் வாழ்கிறவர்கள் எல்லோரும் விரும்பிப் போனவர்கள் அல்லர். 2008 பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் வீட்டுக்கு வழியில்லாமல் வண்டிக்கு மாறி, அறுபதைத் தாண்டியும் கிடங்குகளில் கூலி வேலை செய்கிறவர்களை ஜெசிக்கா புருடர் 2017இல் 'நோமேட்லேண்ட்' நூலில் பதிவு செய்தார். அது திரைப்படமாகி ஆஸ்கரும் பெற்றது. அதே சாலை, அதே வண்டி. திரும்பிப் போக இடம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் அந்த வாழ்க்கை வேறு வேறு.

நிறைவாக இருக்கிறோம் என்று எழுதும் முழுநேரப் பயணிகளின் சொல்லை எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம்? அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஆனால் ஒன்றரை ஆண்டில் களைத்துத் திரும்பி, பழைய தெருவில் வீடு எடுத்துக்கொண்டவர்கள் புத்தகம் எழுதுவதில்லை. நிலைத்தவர்களின் குரல் மட்டுமே நம் காதுக்கு வருகிறது. நிலைத்தவர்களையும் உற்றுப் பாருங்கள். டெர்ஹோர்ஸ்ட் எழுதினார், ஷென் எழுதினார், கேம்பெல் தம்பதியும் எழுதினார்கள். மயாமியைச் சேர்ந்த மரியோ சால்செடோ 47 வயதில் நிறுவன வேலையை விட்டு, கால் நூற்றாண்டுக் காலமாகச் சொகுசுக் கப்பல்களிலேயே பெரும்பாலும் வாழ்கிறார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணங்கள் முடித்துவிட்டார். அவரும் கப்பலின் மேல்தளத்தில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு பிறருடைய முதலீடுகளைக் கவனிக்கிறார். ஆக, இவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு வேலை பார்க்கிறார்கள். அந்த வேலைதான் அவர்களுடைய நாட்களைக் கட்டி வைத்திருக்கிறது.

நம்மில் ஒருவரை நினைத்துப் பார்க்கிறேன். கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார் உலகம் சுற்றிய தமிழர் என்றே பெயர் பெற்றவர். காந்தியைப் பற்றிய படச்சுருள்களைத் தேடி 1930களின் இறுதியில் அவர் ஏறக்குறைய ஒரு லட்சம் மைல் சுற்றினார். 1940இல் காந்தியைப் பற்றிய அவருடைய ஆவணப்படம் வெளிவந்தது. அவ்வளவு தூரத்திலும் அவர் எதையோ தேடிக்கொண்டு போனார், தேடியதைக் கொண்டுவந்து ஊரில் இறக்கினார். பிறகு நாற்பது ஆண்டு 'குமரி மலர்' இதழை நடத்தினார். நம் முன்னோர்களின் காசி யாத்திரையும் இதே அமைப்புக் கொண்டதுதான். ராமேசுவரத்து மணலை எடுத்துப் போய்ப் பிரயாகையில் கரைக்க வேண்டும், கங்கை நீரைக் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்ய வேண்டும். அப்போதுதான் யாத்திரை முடிந்ததாகக் கணக்கு. கடமைகளை முடித்த வயதில் போகிற நெடும்பயணத்துக்குள்ளேயே திரும்பி வருவதையும் வைத்துத் தைத்திருந்தார்கள்.

நாற்பதில் ஓய்வு பெற நினைக்கும் தமிழருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வயதில் அப்பா அம்மாவுக்கு எழுபது. முழங்கால் அறுவை, கண்புரை, சர்க்கரை எல்லாம் வரிசையாக வரும் காலம் அது. வேலையில் இருந்தபோது கூட இருக்க முடியாமல் போனதற்கு நேரமின்மையைச் சொன்னோம். நேரம் கைக்கு வந்த பிறகும் லிஸ்பனிலிருந்து வீடியோ அழைப்பில்தான் அவர்களைப் பார்ப்போம் என்றால், அது எந்தப் பணத்தாலும் பின்னால் ஈடுகட்ட முடியாத இழப்பு.

கொச்சியில் ஒரு சிறிய தேநீர்க் கடை நடத்திய விஜயன், மோகனா தம்பதியைப் பலர் அறிந்திருப்பார்கள். தினமும் கொஞ்சம் சேமித்து, போதாததற்குக் கடன் வாங்கி வெளிநாடு போவார்கள். திரும்பி வந்து டீ ஆற்றிக் கடனை அடைப்பார்கள். அடைந்ததும் அடுத்த நாடு. இப்படி 25க்கும் மேற்பட்ட நாடுகளைப் பார்த்தார்கள். கடைச் சுவரில் உலகப் படங்கள் இருந்தன, கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லக் கதைகள் இருந்தன, கேட்க ஆட்கள் இருந்தார்கள். 2021இல் ரஷ்யா போய்த் திரும்பிய சில வாரங்களில், நவம்பரில், தம் எழுபதாவது வயதை ஒட்டி விஜயன் காலமானார். அவர் ஒருநாளும் ஓய்வு பெறவில்லை. ஆனாலும் பயணத்தால் நிறைந்த வாழ்க்கை எது என்று என்னைக் கேட்டால் அதைத்தான் காட்டுவேன்.

முழுநேரப் பயணம் நிறைவான ஓய்வாகுமா என்றால் என் விடை இது: வேலையின் களைப்பைக் கழுவ ஓராண்டு, நீட்டினால் இரண்டாண்டு, அதைப் போல நல்லது வேறில்லை. மிகச் சிலருக்கு, கையில் ஒரு வேலையும் கூட ஒரு துணையும் திரும்பத் திரும்பப் போகும் சில இடங்களும் அமைந்தால், அது வாழ்நாள் முழுக்கவும் நீடிக்கும். மற்றவர்களுக்கு அது விருந்து, அன்றாடச் சோறு ஆகாது.

எனவே கிளம்ப நினைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். தள்ளிப் போடாதீர்கள், காலில் வலு இருக்கும்போதே போங்கள். வேகமாகப் போகாதீர்கள், ஓர் ஊரில் ஒரு மாதமாவது இருங்கள், காய்கறிக் கடைக்காரர் உங்களை அடையாளம் கண்டுகொள்ளும் வரை. செய்ய ஒரு வேலையை எடுத்துப் போங்கள். வீட்டை மட்டும் விற்காதீர்கள். பதினொரு மாத ஒப்பந்தம் போட்டு வாடகைக்கு விடுங்கள், பன்னிரண்டாவது மாதம் வந்து பாருங்கள்.